பட்டறைக்கு எந்த மாஸ்க் வாங்குவது?

தொழில் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைக்குப் போய் “ஒரு நல்ல மாஸ்க் கொடுங்க” என்று கேட்டால், அலமாரியிலிருந்து நாலைந்து விதம் எடுத்து மேசையில் போடுவார்கள். காதில் மாட்டும் வெள்ளை மாஸ்க் ஒன்று. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகும் கிண்ண வடிவ மாஸ்க் ஒன்று. ரப்பர் முகப்பில் இரண்டு பக்கமும் வட்டமாகப் பில்ட்டர் மாட்டியது ஒன்று. விலை பத்து இருபதில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டிப் போகும். நாமும் நடுத்தர விலையில் இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். கல் அறுப்பவரும் அதையே போடுகிறார், காருக்கு பெயின்ட் அடிப்பவரும் அதையே போடுகிறார். பெயின்ட்காரருக்கு அது தின்னர் ஆவியை ஒரு துளிகூடப் பிடிக்காது என்பதை யாரும் சொல்வதில்லை.

கடைக்குப் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பட்டறைக் காற்றில் என்ன கலந்திருக்கிறது? தூசி, புகை, பெயின்ட் தூவல் போன்ற துகள் என்றால் பில்ட்டர். தின்னர், அமிலம், அம்மோனியா போன்ற ஆவியோ வாயுவோ என்றால் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ். இரண்டும் இருந்தால் இரண்டும் சேர்ந்தது. மூன்றாவது ஒரு நிலை உண்டு. காற்றில் ஆக்ஸிஜனே குறைந்திருப்பது. அதற்கு இந்தக் கடை மேசையில் கிடக்கும் எதுவும் உதவாது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். ஐரோப்பிய முறையில் எஃப்எஃப்பி1, எஃப்எஃப்பி2, எஃப்எஃப்பி3 என்று மூன்று தரம். பில்ட்டர் பிடிக்கும் துகளின் அளவு முறையே 80, 94, 99 சதவீதம். நம் இந்தியத் தரமான ஐஎஸ் 9473உம் இதே வரிசையில்தான் போகிறது. அமெரிக்க முறையில் என்95 என்றால் 95 சதவீதம், பி100 என்றால் 99.97 சதவீதம். அந்த எழுத்துக்கும் பொருள் உண்டு. ‘என்’ வகையை எண்ணெய்த் துளிகள் இருக்கும் காற்றில் போடக் கூடாது, ‘பி’ வகையைப் போடலாம். லேத், சிஎன்சி பக்கம் கூலன்ட் புகைக்கு நடுவே நிற்பவருக்கு இது முக்கியம். எஃப்எஃப்பி வகைகளை எண்ணெய்த் துளியை வைத்தும் சோதிக்கிறார்கள் என்பதால், அந்த இடத்தில் என்95ஐ விட எஃப்எஃப்பி2 பொருத்தம். இரண்டும் ஒன்றுதான் என்று கடைக்காரர் சொன்னால், கல் தூசிக்கு அது சரி, லேத் பட்டறைக்குச் சரியில்லை.

ஆனால் இந்தச் சதவீதங்களை நம்பி மட்டும் முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். அவை பில்ட்டர் துணியின் திறமையைச் சொல்கின்றன. காற்று துணி வழியாகத்தான் வரும் என்று சட்டமா என்ன? மூக்கின் ஓரம், கன்னம், தாடைக்கு அடியில் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே முதலில் நுழையும். அதனால்தான் பணியிடக் கணக்குக்கு வேறோர் எண்ணை வைத்திருக்கிறார்கள். வெளிக்காற்றை விட மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று எத்தனை மடங்கு சுத்தமாக இருக்கும் என்பதே அது. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் கணக்கில், முகத்துக்குச் சரியாகப் பொருந்திய என்95க்கும், அரை முக ரப்பர் மாஸ்க்குக்கும் அது 10 மடங்கு. முழு முக மாஸ்க்குக்கு 50. பிரிட்டனில் எஃப்எஃப்பி2க்கு 10, எஃப்எஃப்பி3க்கு 20. ஆக, 95 சதவீதத்துக்கும் 99.97 சதவீதத்துக்கும் காகிதத்தில் தெரியும் பெரிய வித்தியாசம், அரை முக மாஸ்க்காகப் போட்டதும் ஓஷா கணக்கில் ஒரே 10 ஆகிவிடுகிறது. துணியை விட முகத்தோடு ஒட்டும் விளிம்புதான் விஷயம்.

காதில் மாட்டும் மாஸ்க்கைப் பட்டறைக்கு நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் இதுதான். காது மடல் தாங்கும் அளவுக்கு மேல் அந்தப் பட்டையை இறுக்க முடியாது. இறுக்காமல் விளிம்பு ஒட்டாது. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிறதா என்பதே ஒருமுறை பயன்படுத்தும் மாஸ்க்கில் நான் முதலில் பார்ப்பது. சர்ஜிகல் மாஸ்க், துண்டு, கர்சீப் இவையெல்லாம் இந்தக் கணக்கிலேயே சேராதவை.

இனி வேலை வாரியாகப் பார்க்கலாம். கல்லிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் தமிழ்நாட்டில் பலரைச் சத்தமில்லாமல் சாய்ப்பது அது. கிருஷ்ணகிரி, மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிரானைட், ஊருக்கு ஊர் கிரஷர், சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் ஆட்கள், மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்கள். உளி மட்டும் இருந்த காலத்தில் தூசி கொஞ்சம். கிரைண்டரும் கட்டிங் மெஷினும் வந்தபின் ஒரே நாளில் அந்தக் காலத்து மாதக் கணக்கு தூசி கிளம்புகிறது. கண்ணுக்குத் தெரிந்து மீசையில் படியும் வெள்ளைத் தூசி அவ்வளவு ஆபத்தில்லை, அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய சிலிக்கா. அது அங்கே தழும்பை உண்டாக்குகிறது. அந்தத் தழும்பு ஆறாது. சிலிக்கோசிஸ் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. கூடவே காசநோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இலேயே இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது.

அளவு எவ்வளவு என்று பார்த்தால்தான் மாஸ்க் தேர்வு புரியும். 2016இல் ஓஷா வைத்த வரம்பு, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம் சிலிக்கா. 2025 நவம்பர் வரை நம்மிடம் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணை வேறு மாதிரி: 10ஐ, தூசியில் உள்ள குவார்ட்ஸ் (கல்லில் சிலிக்கா இருக்கும் வடிவம்) சதவீதத்தோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தூசியில் 30 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் 10ஐ 32ஆல் வகுத்து, சுமார் 0.31 மில்லிகிராம் நுண்தூசி. அதில் 30 சதவீதம்தான் குவார்ட்ஸ் என்பதால், சிலிக்கா கணக்கில் இது 0.09 சொச்சம் வரும். ஓஷா வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த வரம்பை எடுத்தாலும், 10 மடங்கு பாதுகாக்கும் மாஸ்க் ஒன்று அந்த வரம்பைப் போல 10 மடங்கு தூசி வரைதான் தாங்கும். ஓஷா வரம்பின்படி அது 0.5 மில்லிகிராம். மூடிய கூடத்தில் தண்ணீர் இல்லாமல் கிரைண்டர் ஓடினால் தூசி இதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

அதனால் கல் வேலையில் எந்த மாஸ்க் என்ற கேள்விக்கு முதல் பதில் தண்ணீர். பிளேடு படும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது, அல்லது கிரைண்டருக்கு உறை போட்டுத் தூசியை உறிஞ்சும் குழாய் வைப்பது. ஓஷாவின் விதியே இதை அழகாகக் காட்டுகிறது: கையில் பிடிக்கும் கட்டிங் மெஷினைத் தண்ணீரோடு வெளியிடத்தில் 4 மணி நேரத்துக்குள் ஓட்டினால் மாஸ்க்கே கட்டாயமில்லை, அதற்கு மேல் போனாலோ, கட்டடத்துக்குள் அறுத்தாலோ 10 மடங்கு மாஸ்க் வேண்டும். தண்ணீர் வந்ததும் முழு முக மாஸ்க், மோட்டாரால் காற்று ஊதும் மாஸ்க் என்று போகாமல் அரை முக மாஸ்க்கிலேயே சமாளித்துவிடலாம். ஈரத்தில் கரன்ட் வேலை என்பதால் எர்த்தும் கசிவு மின் பிரேக்கரும் சரியாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். செயற்கைக் குவார்ட்ஸ் பலகை அறுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கிரானைட்டை விட மிக அதிகச் சிலிக்கா, பல பலகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்துவிட்டது.

தண்ணீரும் வைத்தாகிவிட்டது, 10 மடங்கு மாஸ்க் போதும் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை போட்டு எறியும் எஃப்எஃப்பி2வா, பில்ட்டர் மாற்றும் அரை முக ரப்பர் மாஸ்க்கா? பெரும்பாலான முதலாளிகள் விலையைப் பார்த்து முதலாவதை எடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்குக் கடை விலை மாறும், கணக்குக்காக மட்டும் ஓர் எண்: எறியும் மாஸ்க் 80 ரூபாய், மாதம் 25 நாள் வேலை. பாக்கெட்டில் ‘என்ஆர்’ என்று போட்டிருந்தால் ஒரு ஷிப்டோடு அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆக ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய், வருடத்துக்கு 24,000. ரப்பர் மாஸ்க் 1,500, மாதம் ஒரு ஜோடி பில்ட்டர் 800 என்றால் வருடத்துக்கு 11,100. பாதிக்கும் குறைவு. இதற்குப் பதிலாக எறியும் மாஸ்க்கையே ஒரு வாரம் போடச் சொல்லி மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. நாலாம் நாள் அதன் பட்டை தொய்ந்து, மூக்குக் கம்பி நிமிர்ந்து, விளிம்பு வியர்வையில் ஊறிக் கிடக்கும். அதைத் துவைத்துக் காயப்போடுவது இன்னும் மோசம். பில்ட்டர் இழைகளில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம்தான் நுண்தூசியை இழுத்துப் பிடிக்கிறது. சோப்பும் சானிடைசரும் பட்டால் அது போய்விடும். பார்க்க மாஸ்க் போலவே இருக்கும், அவ்வளவுதான்.

தினமும் தூசியில் நிற்பவருக்கு என் தேர்வு ரப்பர் அரை முக மாஸ்க்கும் பி100 அல்லது ஐரோப்பிய முறையின் பி3 பில்ட்டரும். விளிம்பு மெத்தென்று ஒட்டும், மூன்று அளவுகளில் கிடைக்கும், பணம் மிச்சம். அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது, சித்திரை வெயிலில் உள்ளே வியர்வை சொட்டும், தினமும் கழுவ வேண்டும். முகப்பை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்கலாம். பில்ட்டரைக் கழுவக் கூடாது, கம்ப்ரஸர் காற்றால் ஊதவும் கூடாது. எப்போதாவது ஒரு நாள் இரண்டு மணி நேரம் கல் அறுப்பவருக்கு இவ்வளவு பராமரிப்பு தேவையில்லை, வால்வு வைத்த எஃப்எஃப்பி2 அல்லது எஃப்எஃப்பி3 போதும். வால்வு மாஸ்க் தடை செய்யப்பட்டதாச்சே என்று சிலர் கேட்கிறார்கள். 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை பொதுமக்களுக்கு அது வேண்டாம் என்றது கொரோனாவுக்காக. விடும் மூச்சை வால்வு வடிகட்டாமல் வெளியேற்றும். கல் தூசியில் பிரச்சினை உள்ளே போகும் காற்றுதான். வால்வு இருந்தால் சூடும் ஈரமும் குறைந்து, கழற்றும் ஆசையும் குறையும்.

அந்தக் கழற்றும் ஆசைதான் எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடுவது. 8 மணி நேர வேலை. ஒருவர் 10 மடங்கு மாஸ்க்கை முழு நேரமும் போடுகிறார்: வெளித் தூசியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 சதவீதம் உள்ளே போகிறது. இன்னொருவர் 50 மடங்கு முழு முக மாஸ்க் போடுகிறார், ஆனால் புழுக்கம் தாங்காமல் நாளில் 48 நிமிடம், பத்தில் ஒரு பங்கு நேரம், தூசிக்குள்ளேயே கழற்றி நெற்றியில் ஏற்றிவிடுகிறார். போட்டிருந்த நேரத்தில் போனது 1.8 சதவீதம், கழற்றிய நேரத்தில் போனது 10 சதவீதம், கூட்டினால் 11.8. விலை அதிகமான மாஸ்க் தோற்றுவிட்டது. உரிமையாளர்கள் கேட்டலாக் புரட்டும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. ஆட்கள் எதைக் கழற்றாமல் போடுவார்களோ அதை வாங்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றித் தண்ணீர் குடிக்கத் தூசியில்லாத ஓர் இடமும், அங்கே போய்வரக் கொஞ்சம் நேரமும் கொடுக்க வேண்டும்.

பெயின்ட் பட்டறைக்கு வருவோம். இங்கே இரண்டும் உண்டு: ஸ்பிரே கன்னிலிருந்து வரும் துளிகள், தின்னரின் ஆவி. துகள் பில்ட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஆவி அதன் வழியாக அப்படியே போகும். கார்ட்ரிட்ஜ் வேண்டும், அதற்கு மேல் துகளுக்கு முன்பில்ட்டரும் வேண்டும். வாங்கும்போது நிறத்தை வைத்துக் கேட்கிறவர்கள் ஒரு குழப்பத்தில் மாட்டுகிறார்கள். நம் சந்தையில் ஐரோப்பிய வகையும் அமெரிக்க வகையும் கலந்து விற்கின்றன. தின்னர் போன்ற கரிம ஆவிக்கு ஐரோப்பிய முறையில் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு. ஐரோப்பிய வெள்ளை என்றால் துகள். அமெரிக்க வெள்ளை என்றால் அமில வாயு. மஞ்சள் ஐரோப்பாவில் சல்பர் டை ஆக்ஸைடு வகை, அமெரிக்காவில் கரிம ஆவியும் அமில வாயுவும் சேர்ந்தது. அம்மோனியாவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் பச்சை. நிறத்தைச் சொல்லிக் கேட்காமல் பெயின்ட், தின்னர் டப்பாக்களின் பெயரைச் சொல்லி, கார்ட்ரிட்ஜ் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குவதே பாதுகாப்பு.

கார்ட்ரிட்ஜை எப்போது மாற்றுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். துகள் பில்ட்டர் தூசி ஏற ஏற அடைத்துக்கொள்ளும், மூச்சு இழுப்பது கஷ்டமாகும், மாற்றச் சொல்லி அதுவே தெரிவிக்கும். கார்ட்ரிட்ஜ் அப்படியில்லை. உள்ளே இருக்கும் கரி நிரம்பியபின்னும் மூச்சு முன்பு போலவே சுலபமாக வரும்; ஆவியும் கூடவே வரும். வாசனை வந்தால் மாற்றலாம் என்று காத்திருப்பது ஆபத்து, மூக்குக்கு மூக்கு வித்தியாசம், பழகிய மூக்குக்கு வாசனையே தெரியாது. அதனால் நாள் கணக்கு வைத்து மாற்ற வேண்டும். ஓஷா தரும் ஒரு பொது விதி உதவும்: கொதிநிலை 70 டிகிரிக்கு மேலும், காற்றில் அளவு 200 பிபிஎம்முக்குக் (பத்து லட்சம் பங்கு காற்றில் 200 பங்கு) கீழும் இருந்தால், சாதாரண வேகத்தில் வேலை செய்பவருக்குக் கரிம ஆவிக் கார்ட்ரிட்ஜ் 8 மணி நேரம் தாங்கும் என்று எதிர்பார்க்கலாம். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பாதி. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்கள் அந்தப் பாதியைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும், மழைக்காலத்தில் நிச்சயமாக.

கொதிநிலை ஏன் முக்கியம் என்றால், சுலபமாக ஆவியாகும் பொருளைக் கரி பிடித்து வைத்துக்கொள்ளாது. டொலுயீன் 111 டிகிரி, நன்றாகப் பிடிக்கும். அசிட்டோன் 56. பழைய பெயின்ட்டை உரிக்கும் சில ரிமூவர்களில் இருக்கும் மெத்திலீன் குளோரைடு 40 தான். சாதாரணக் கார்ட்ரிட்ஜ் வழியாகச் சீக்கிரமே வந்துவிடும். ஐரோப்பிய முறையில் 65 டிகிரிக்குக் கீழே கொதிப்பவற்றுக்கு ‘ஏஎக்ஸ்’ என்று தனி வகையே இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, மாலையில் மாஸ்க்கைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டால் கார்ட்ரிட்ஜ் இரவு முழுவதும் பட்டறை ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடுங்கள்.

ஹார்டனர் கலந்து அடிக்கும் இரட்டைக் கலவை பெயின்ட், டூ-கே என்று சொல்வார்களே, அதற்குத் தனிக் கணக்கு. ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஆபத்தான அளவைத் தாண்டிய பிறகும் மூக்குக்குத் தெரியாது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். தொழிலையே விட வேண்டிவரும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை இந்த பெயின்ட்டை ஸ்பிரே செய்யக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போதாது, வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடிதான் வேண்டும் என்கிறது. கன்னை நிறுத்தியதும் முகமூடியைத் தூக்கக் கூடாது என்றும் சொல்கிறது, கண்ணுக்குத் தெரியாத தூவல் அறை முழுக்கக் கொஞ்ச நேரம் மிதக்கும். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் திறந்த வாசலில் கர்சீப் கட்டிக்கொண்டு டூ-கே அடிப்பதைப் பார்க்கும்போது, இதை எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்றே தெரியவில்லை. என் கருத்து: குழாய்க் காற்று வாங்க வசதியில்லாத பட்டறை அந்த வேலையை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பிவிடலாம், அல்லது ஐசோசயனேட் இல்லாத பெயின்ட்டுக்கு மாறலாம். கார்ட்ரிட்ஜோடு துகள் பில்ட்டரும் சேர்ந்த அரை முக மாஸ்க் வெறும் கர்சீப்பை விட எத்தனையோ மேல் என்பது உண்மை. அது போதும் என்று நான் எழுதமாட்டேன்.

குழாய்க் காற்று என்றதும் ஸ்பிரே கன்னுக்கு ஓடும் அதே கம்ப்ரஸரிலிருந்து ஒரு குழாயை இழுத்து முகமூடியில் சொருகும் யோசனை வரும். வேண்டாம். எண்ணெய் போட்டு ஓடும் கம்ப்ரஸர் சூடேறினால் கார்பன் மோனாக்ஸைடு கலந்து வரும். சுவாசிக்கும் காற்றில் அது 10 பிபிஎம்முக்கு மேலும், எண்ணெய்த் துளி கன மீட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது. அதற்கென்று வடிகட்டிகளும் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணியும் வைத்த ஏற்பாடு வேண்டும், காற்றை உள்ளே இழுக்கும் வாய் பெயின்ட் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2017இல் வெல்டிங் புகையும் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. புகை என்பது நுண்துகள்தான், பி100 அல்லது எஃப்எஃப்பி3 பிடிக்கும். சிக்கல் ஷீல்டுக்குள் இடமில்லாததே. பக்கவாட்டில் தட்டையான பில்ட்டர் வைத்த அரை முக மாஸ்க் அடங்கும், கிண்ண வடிவம் இடிக்கும். எவர்சில்வர் வெல்டிங்கில் குரோமியம் இருப்பதால் அங்கே கண்டிப்பு கூடுதல். பஞ்சாலையில் கலவைப் பிரிவு, புளோ ரூம், கார்டிங் பக்கம் நிற்பவர்களுக்கு எஃப்எஃப்பி2வே பெரிய உதவி.

முழு முக மாஸ்க்கை நான் பொதுவாகச் சிபாரிசு செய்வது அமிலம், அம்மோனியா போலக் கண்ணையும் எரிக்கும் பொருள் இருக்கும் இடத்தில்தான். மூக்குக் கண்ணாடி போட முடியாது, கண்ணாடிக் காம்பு விளிம்பைத் தூக்கிவிடும்; உள்ளே மாட்டத் தனிச் சட்டகம் வாங்க வேண்டும். இடுப்பில் மோட்டார் கட்டி, வடிகட்டிய காற்றைத் தலைக்கவசத்துக்குள் ஊதும் வகை நம் வெயிலுக்கு மிகச் சுகம். முகத்தில் காற்று பட்டுக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்க வேண்டியதில்லை. தளர்வாக உட்காரும் வகைக்கு ஓஷா தரும் எண் 25. தாடி வைத்தவர்களுக்கு இதுவே வழி. முகத்தோடு ஒட்ட வேண்டிய எந்த மாஸ்க்கும் விளிம்பு படும் இடத்தில் முடி இருந்தால் ஒட்டாது, இரண்டு நாள் குச்சித் தாடி உட்பட. மத நம்பிக்கைக்காகத் தாடி வைத்திருப்பவரைச் சவரம் செய்யச் சொல்வதை விட, ஒரு மோட்டார் மாஸ்க் வாங்கிக் கொடுப்பது மரியாதை. விலை பல பத்தாயிரம் ஆகும். பேட்டரியை ஒவ்வொரு இரவும் சார்ஜ் போட ஓர் ஆளைப் பொறுப்பாக்காவிட்டால் ஒரே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

எதை வாங்கினாலும் அது அந்த முகத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ரப்பர் மாஸ்க் என்றால் இரண்டு பில்ட்டரையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுங்கள், முகப்பு முகத்தோடு ஒட்டி உள்வாங்கி நிற்க வேண்டும். வெளிவிடும் வால்வை மூடி லேசாக ஊதினால் ஓரத்தில் காற்று கசியக் கூடாது. இது ஒவ்வொரு முறை மாட்டும்போதும் செய்ய வேண்டியது. ஆளுக்கு வருடம் ஒருமுறை செய்யும் முழுச் சோதனையும் பெரிய வித்தை இல்லை. தலைக்கு மேல் ஒரு உறையைக் கவிழ்த்து, அதற்குள் சாக்ரின் கரைசலைத் தூவுவார்கள். முதலில் மாஸ்க் இல்லாமல் இனிப்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மாஸ்க் போட்டுத் தலையைத் திருப்பி, குனிந்து, பேசச் சொல்வார்கள். நாக்கில் இனித்தால் கசிகிறது. அதே மாஸ்க் அண்ணனுக்குப் பொருந்தித் தம்பிக்குப் பொருந்தாமல் போகும். பெண்கள் வேலை செய்யும் இடங்களில் இது இன்னும் அதிகம். மொத்தமாக ஒரே நடுத்தர அளவில் ஒரு பெட்டி வாங்கும் பழக்கத்தை விட்டு, இரண்டு கம்பெனியில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மாதிரி வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.

போலி அதிகம் என்பதால் முத்திரையையும் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். அமெரிக்க வகையில் மாஸ்க்குக்குச் சான்று தரும் நியோஷ் அமைப்பின் பெயரும் ‘டிசி’ என்று தொடங்கும் அனுமதி எண்ணும் அச்சாகியிருக்கும். ஐரோப்பிய வகையில் சிஇ குறிக்குப் பக்கத்தில் நாலிலக்க எண் இருக்கும். வெறும் “என்95” என்று பெரிதாக அடித்து, வேறு எதுவுமே இல்லாத மாஸ்க்கைப் பட்டறைக்கு வாங்காதீர்கள்.

கடைசியாகத் தொட்டி. செப்டிக் டேங்க், தோல் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டி, சாயப்பட்டறைச் சுத்திகரிப்புத் தொட்டி, நீண்ட நாள் மூடிக்கிடந்த கிணறு. இங்கே எந்த பில்ட்டரும், எந்த நிறக் கார்ட்ரிட்ஜும் வேலைக்கு ஆகாது. பில்ட்டர் இருக்கும் காற்றை வடிகட்டும், இல்லாத ஆக்ஸிஜனை உண்டாக்காது. சாதாரணக் காற்றில் 20.9 சதவீதம் ஆக்ஸிஜன், 19.5க்குக் கீழே போனால் பில்ட்டர் மாஸ்க்குக்கு அனுமதியே இல்லை. அழுகிய முட்டை வாசனை வந்தால் ஏறிவிடலாம் என்று நம்புவோர் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்கிறது. வாசனை நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரத்தில்தான் உயிர் போகும் அளவில் இருக்கிறது. விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அதே தொட்டியில் கிடக்கிறார்.

சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சாக்கடை மரணங்களுக்கு 2014இல் 10 லட்சம் என்று வைத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. ஆகவே அதற்கு லாரியும் இயந்திரமும்தான். தொழிற்சாலைத் தொட்டிக்குள் தவிர்க்க முடியாமல் ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஊதுகாற்றாடி வைத்துக் காற்றோட்டம்; பிறகு ஆக்ஸிஜன், தீப்பிடிக்கும் வாயு, கார்பன் மோனாக்ஸைடு, ஹைட்ரஜன் சல்பைடு நாலையும் அளக்கும் மீட்டரைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளவு. உடம்பில் பட்டை, மேலே முக்காலியும் வின்ச்சும், மேலேயே நிற்கும் ஓர் ஆள். மூச்சுக்கு முதுகில் சிலிண்டர் கட்டிய கருவி, அல்லது தப்பிக்கச் சிறு சிலிண்டரும் சேர்ந்த குழாய்க் காற்று, அதில் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். முதுகுச் சிலிண்டர் வகைக்கு ஓஷா கொடுத்திருக்கும் எண் 10,000. இத்தனையும் கையில் இல்லாத பட்டறை அந்த வேலைக்கு மாஸ்க் தேட வேண்டியதில்லை; ஏற்பாடு உள்ள ஒப்பந்ததாரருக்கு போன் செய்தால் போதும். அவர் வந்து மீட்டரை இறக்காமல் ஆளை இறக்கப் பார்த்தால், மூடியை மூடி அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.